புரோட்டீன் சி, எஸ் டெஸ்ட்: நேரம் தப்பினால் ரிப்போர்ட்டும் தப்பும்

காலில் ரத்தக்கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. ரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் பார்த்துக்கொள்ள உடம்பே தயாரிக்கும் புரதங்கள் இவை. கட்டி உருவாகும்போது இவையும் செலவாகும். அந்த நேரத்தில் அளவு குறைந்திருப்பதைப் பார்த்து, பரம்பரைக் குறைபாடு என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. ஆயுசுக்கும் மாத்திரை என்ற பயம் அங்கேதான் தொடங்குகிறது.

மருந்தும் கணக்கைக் குழப்பும். சி, எஸ் இரண்டையும் உருவாக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளான வார்ஃபரினும் அசெனோகூமராலும் தடுப்பது அந்த வைட்டமினின் வேலையைத்தான். அதே காரணத்துக்காகப் போடும் ஹெப்பாரின் ஊசி ஆன்டித்ராம்பினைக் குறைக்கும்.

கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் இறங்குவது இயல்பு. ஏழு மாதக் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் 38% என்றும், பக்கத்தில் 60-க்கு மேல் இருக்க வேண்டும் என்றும் அச்சாகியிருந்தால் வீடே பதறிப்போகும். அந்த அளவுகோல் கர்ப்பிணிக்கு உரியதே அல்ல. பிரசவமாகிச் சில வாரங்கள் கழித்துப் பார்ப்பதுதான் சரி.

வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு, சிகிச்சை முடிந்து குறைந்தது 2 வாரமாவது போக வேண்டும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. குறைவு என்று வந்தாலும் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அப்புறம், “மாத்திரைதான் ஆரம்பிச்சாச்சே, ஊசி எதுக்கு?” என்று கேட்டு ஹெப்பாரினை நிறுத்தச் சொல்வது இன்னொரு தவறு. வார்ஃபரின் தொடங்கியதும் புரோட்டீன் சி ஒரே நாளில் சரிந்துவிடும். உறையவைக்கும் புரோத்ராம்பின் இறங்கப் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில் ரத்தம் முன்பைவிட எளிதாக உறையும். பிறவியிலேயே சி குறைந்தவர்களுக்குத் தொடையிலும் மார்பகத்திலும் தோல் கறுத்து அழுகிப்போகக்கூடும். குறைந்தது 5 நாள் ஊசியும் மாத்திரையும் சேர்ந்து போவது இதற்காகத்தான்.

சிஆர்பி டெஸ்ட்டில் வரும் ‘சி’ வேறு. அது அழற்சியைக் காட்டுவது, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குறைபாடு உறுதியானால் வீட்டில் மறைக்காதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு உண்டு. வந்த எல்லோருக்கும் கட்டி வருவதில்லை. ஆனால் மகள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கேட்டுப் போகும்போது, டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.