அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் உபுண்டு எழவில்லையா? மீட்கும் வழி, படிப்படியாக

அப்டேட் போட்டீர்கள், ரீஸ்டார்ட் கேட்டது, செய்தீர்கள். இப்போது கருந்திரை, அல்லது புரியாத வெள்ளை எழுத்துகள். முதலில் ஒன்று: புதிதாக இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவைத் தேடாதீர்கள். அப்டேட்டுக்குப் பின் துவங்காத கணினிகளில் பெரும்பாலானவற்றில் உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகியிருக்காது. பழுது இருப்பது துவக்கத்துக்குத் தேவையான இரண்டு மூன்று கோப்புகளில்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அநேகமாக அந்த வட்டிலேயே இருக்கும்.

இந்த விளக்கம் உபுண்டு 22.04, 24.04 பதிப்புகளை வைத்து எழுதியது. டெபியன், லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோருக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளியும் கோடுகளும் இங்கே உள்ளபடியே தட்டுங்கள்.

எந்த இடத்தில் நின்றது?

பவர் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ என்னும் அடிப்படை மென்பொருள், கிரப் என்னும் துவக்கியை அழைக்கிறது. கிரப் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது: ஒன்று கர்னல், மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ். இந்த இரண்டாவது கோப்பில்தான் வட்டைத் திறக்கத் தேவையான டிரைவர்களும், குறியாக்கம் செய்த வட்டானால் கடவுச்சொல் கேட்கும் கருவியும் இருக்கின்றன. வட்டு திறந்ததும் சிஸ்டம்டி என்னும் சேவை மேலாளர் பொறுப்பேற்று மற்ற சேவைகளைக் கிளப்புகிறது.

இந்த வரிசையில் எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பாருங்கள்.

- "கிரப்>" என்று மட்டும் நின்றால் கிரப்புக்குத் தன் மெனு கோப்பு கிடைக்கவில்லை.
- "கர்னல் பேனிக்" என்று தொடங்கி "அன்னோன்-பிளாக்(0,0)" என்று முடிந்தால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லை, அல்லது பாதியில் நின்றிருக்கிறது.
- "(இனிட்ராம்எஃப்எஸ்)" என்ற அடைப்புக்குறியோடு காத்திருந்தால் கர்னல் வந்துவிட்டது. வட்டைத்தான் திறக்க முடியவில்லை.
- "எமர்ஜென்சி மோட்" என்றால் வட்டு திறந்துவிட்டது. இணைக்க வேண்டிய ஏதோ ஒரு பார்ட்டிஷன் (வட்டின் தனிப் பகுதி) கிடைக்கவில்லை.
- லோகோ வந்து, பிறகு வெறும் கருமை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர்.

படி 1: பழைய கர்னலில் ஏறுங்கள்

எந்தச் செய்தி வந்தாலும் முதல் முயற்சி இதுவே. உபுண்டுவில் கிரப் மெனு பொதுவாக மறைந்திருக்கும். யூஇஎஃப்ஐ கணினியில், தயாரிப்பாளர் லோகோ மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் உள்ள பழைய கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இருங்கள். எஸ்கேப்பைப் பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி "கிரப்>" வரிக்குப் போய்விடும். அது பழுதல்ல, "நார்மல்" என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே ஒரே ஒருமுறை எஸ்கேப் தட்டினால் மெனு வரும்.

மெனுவில் இரண்டாவதாக இருக்கும் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு"க்குள் போங்கள். 6.8.0-47, 6.8.0-45 என்பதுபோல் கர்னல் எண்கள் வரிசையாக இருக்கும். எண் பெரியதுதான் புதியது. அதற்கு அடுத்த சிறிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் "ரெக்கவரி மோட்" என்று இன்னொரு வரியும் இருக்கும். இப்போதைக்கு அது வேண்டாம். பழுதான கர்னலின் ரெக்கவரி வரியும் அதே பழுதான கோப்பைத்தான் ஏற்றும், எனவே அதைத் தேர்ந்தும் பலனில்லை.

பழைய கர்னலில் கணினி எழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முக்கியமான கோப்புகளை இப்போதே வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டதா?

அதிகம் அகப்படும் காரணம் இதுதான் என்பதால் நிதானமாகப் பார்ப்போம். வட்டைக் குறியாக்கம் செய்யும் வசதியோடு உபுண்டுவை நிறுவியிருந்தால் /பூட் தனி பார்ட்டிஷனாக இருக்கும், அளவும் சிறியது. ஒவ்வொரு கர்னல் அப்டேட்டும் அதில் ஒரு புதிய ஜோடியை வைக்கிறது. கர்னல் கோப்பு சுமார் 15 எம்பிதான். இடத்தைத் தின்பது இனிட்ராம்எஃப்எஸ். 60, 70 எம்பி சாதாரணம், நிவிடியா டிரைவர் உள்ளே சேர்ந்தால் இன்னும் பெருக்கும். ஏற்கெனவே இருப்பதைப் புதுப்பிக்கும்போதுகூட, புதியதை முழுமையாக எழுதிய பிறகே பழையதை மாற்றுகிறது. ஆகவே ஒரு முழுக் கோப்புக்கான காலியிடம் எப்போதும் வேண்டும்.

இடம் போதாமல் எழுத்து பாதியில் நின்றால், புதிய கர்னல் /பூட்டில் இருக்கும், அதன் துணைக்கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் இருக்காது. கிரப்போ புதிய கர்னலையே முதல் வரியாக வைத்துவிடும். "அன்னோன்-பிளாக்(0,0)" பிறப்பது இப்படித்தான். அப்டேட்டின்போது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற வரி நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்திருக்கும்.

சோதிக்க:

டிஎஃப் -ஹெச் /பூட்
எல்எஸ் -எல்ஹெச் /பூட்
யூநேம் -ஆர்

முதல் கட்டளை எவ்வளவு நிரம்பியது என்று சதவீதத்தில் காட்டும். இரண்டாவது, கோப்புகளைப் பட்டியலிடும்: "விஎம்லினஸ்" என்று தொடங்கும் ஒவ்வொரு கர்னலுக்கும் அதே எண்ணில் "இனிட்ஆர்டி" என்று தொடங்கும் கோப்பு (இதுதான் இனிட்ராம்எஃப்எஸ்) இருக்கிறதா, அளவு மற்றவற்றை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் எண். அதைத் தாளில் குறித்துவையுங்கள். அந்த எண்ணுள்ள எதையும் நீக்கக்கூடாது.

/பூட் நிரம்பியிருந்தால் முதலில் நேர்வழி:

சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

தேவையற்ற பழைய கர்னல்களை இது தானாகவே நீக்கும். ஆனால் முந்தைய அப்டேட் பாதியில் நிற்பதால், "முதலில் அதைச் சரிசெய்" என்று ஆப்ட் (மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவி) மறுக்கலாம். சரிசெய்யவோ இடமில்லை. இந்த முட்டுக்கட்டையை உடைக்க, ஓடாத மிகப் பழைய கர்னலின் இனிட்ஆர்டி கோப்பு ஒன்றை மட்டும் கையால் நீக்குங்கள். 6.8.0-45 ஓடிக்கொண்டிருக்கிறது, 47 பழுது, 41 பழையது என்றால்:

சூடோ ஆர்எம் /பூட்/இனிட்ஆர்டி.ஐஎம்ஜி-6.8.0-41-ஜெனரிக்
சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

பிறகு 41ஐ முறையாகவும் நீக்கிவிடுங்கள்:

சூடோ ஆப்ட் பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-6.8.0-41-ஜெனரிக் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-6.8.0-41-ஜெனரிக்

இமேஜ், மாட்யூல்ஸ் இரண்டையும் ஒரே வரியில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இமேஜை மட்டும் நீக்கச் சொன்னால், அதே கர்னலின் கையொப்பமிடாத வடிவத்தை ஆப்ட் பதிலுக்குக் கொண்டுவந்து வைக்கக்கூடும்; இடம் காலியாகாது. எதை நீக்கப்போகிறது என்று ஆப்ட் காட்டும் பட்டியலை முழுக்கப் படித்த பிறகே "ஒய்" தட்டுங்கள்.

படி 3: துணைக்கோப்பைப் புதிதாக உருவாக்குதல்

இடம் கிடைத்தும் 47க்கான இனிட்ஆர்டி உருவாகவில்லை என்றால், அல்லது அப்டேட் நடுவே மின்சாரம் போயிருந்தால்:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே 6.8.0-47-ஜெனரிக்
சூடோ அப்டேட்-கிரப்

கோப்பு இருந்து, ஆனால் சிதைந்திருந்தால் "-சி"க்குப் பதில் "-யு". இரண்டாவது கட்டளையின் வெளியீட்டில் 47க்கு லினக்ஸ் இமேஜ், இனிட்ஆர்டி இமேஜ் என இரண்டு வரிகளும் வர வேண்டும். ஒரு வரி மட்டும் வந்தால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். மீண்டும் அதே பேனிக்தான்.

கருந்திரை மட்டும் வந்தால்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்துவடிவ உள்நுழைவு வந்தால் கணினி முழுதாக ஓடுகிறது, கிராஃபிக்ஸ் மட்டும் இல்லை. வராவிட்டால் கிரப் மெனுவில் முதல் வரியின் மேல் நின்று "இ" விசை தட்டுங்கள். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு "நோமோட்செட்" சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒருமுறைக்கு மட்டுமே. எதையும் நிரந்தரமாக மாற்றாது.

நிவிடியா டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும். டிகேஎம்எஸ் என்னும் கருவி அதைத் தொகுக்கும் கணினிகளில், புதிய கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் தொகுப்பு நடக்காது. "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" என்று கேட்டுப் பாருங்கள். புதிய எண்ணுக்கு எதிரே "இன்ஸ்டால்டு" இல்லையென்றால்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-6.8.0-47-ஜெனரிக்
சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்

தொகுப்பு முடிந்தும் இயங்கவில்லை என்றால், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே துவக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். கணினி தானே தொகுத்த டிரைவருக்கான சாவியை ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும். ரீஸ்டார்ட்டின்போது நீலத்திரையில் "மோக் மேனேஜ்மென்ட்" என்று சில நொடிகளே கேட்கும். அதைத் தவறவிட்டவர்கள் ஏராளம். "சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ" கொடுத்து ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து, ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்ததும் "என்ரோல் மோக்" தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

எமர்ஜென்சி மோட்

இங்கே பெரும்பாலும் அப்டேட் குற்றவாளி அல்ல. பல வாரங்களுக்குப் பின் நடந்த ரீஸ்டார்ட் பழைய தவற்றை வெளியே கொண்டுவருகிறது. துவக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருந்த ஒரு வட்டு இப்போது இணைப்பில் இல்லை. சிஸ்டம்டி அதற்காக 90 நொடி காத்திருந்து கைவிடும். உபுண்டுவில் ரூட் என்னும் நிர்வாகி கணக்கு பூட்டியிருப்பதால் இந்த மோடில் உள்ளே விடாமலும் போகலாம். அப்போது கிரப்பில் "இ" தட்டி, லினக்ஸ் வரியின் கடைசியில் "இனிட்=/பின்/பாஷ்" சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். பிறகு:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /
நேனோ /இடிசி/எஃப்எஸ்டேப்

இல்லாத வட்டின் வரி முன்னே # போடுங்கள், அல்லது விருப்பங்களில் "நோஃபெயில்" சேருங்கள். சேமித்து, "எக்செக் /எஸ்பின்/இனிட்" கொடுத்தால் துவக்கம் தொடரும்.

பழைய கர்னலும் எழவில்லை என்றால்: லைவ் யுஎஸ்பி

அதே உபுண்டு பதிப்பின் யுஎஸ்பியிலிருந்து துவக்கி, "டிரை உபுண்டு" தேர்ந்தெடுங்கள். "எல்எஸ்பிஎல்கே -எஃப்" கொடுத்தால் பார்ட்டிஷன்கள் தெரியும். குறியாக்கம் இல்லாத கணினியில் உபுண்டு இருக்கும் ரூட் பார்ட்டிஷன் என்விஎம்இ0என்1பி2, யூஇஎஃப்ஐ பார்ட்டிஷன் பி1 என்று வைத்துக்கொள்வோம்:

சூடோ மவுன்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி2 /எம்என்டி
சூடோ மவுன்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சூடோ மவுன்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்

கடைசி வரியை /பிராக், /சிஸ், /ரன் மூன்றுக்கும் அதேபோல் கொடுங்கள். /பூட் தனி பார்ட்டிஷனானால், இஎஃப்ஐயை இணைப்பதற்கு முன் அதை /எம்என்டி/பூட்டில் இணைக்க மறக்காதீர்கள். மறந்தால் புதிய கோப்புகள் யாரும் படிக்காத வெற்று அடைவில் போய் விழும். இனி:

சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி
அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்
அப்டேட்-கிரப்

துவக்கம் "கிரப்>" வரியிலேயே நின்றிருந்தால் "கிரப்-இன்ஸ்டால்" என்பதையும் கொடுங்கள். பயாஸ் கணினியில் அதனுடன் வட்டின் பெயரை, பார்ட்டிஷன் எண் இல்லாமல், சேர்க்க வேண்டும்.

குறியாக்கம் செய்த வட்டில் கண்ணி ஒன்று உண்டு. வட்டைத் திறக்கும் "கிரிப்ட்செட்அப் ஓப்பன்" கட்டளையில் நீங்கள் தரும் பெயர், /இடிசி/கிரிப்ட்டேப் கோப்பில் முதலில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வேறு பெயரில் திறந்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கினால், வட்டைத் திறக்கும் கருவி அதற்குள் சேராமல் போகும். அடுத்த துவக்கத்தில் கடவுச்சொல்லே கேட்காது. பெயர் தெரியாவிட்டால் ஏதோ ஒரு பெயரில் திறந்து, கிரிப்ட்டேப்பைப் படித்துவிட்டு, மூடி, சரியான பெயரில் மறுபடி திறங்கள். முடிந்ததும் "எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்" கட்டளையால் உள்ளே "கிரிப்ட்செட்அப்" இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

விண்டோஸும் சேர்ந்து இருக்கும் கணினி

லினக்ஸில் எதையும் தொடாமலே துவக்கம் நிற்பதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் கிரப், ஷிம் (செக்யூர் பூட்டில் கிரப்பை அழைக்கும் சிறு நிரல்) ஆகியவற்றின் பழைய பதிப்புகளைத் தடைசெய்யும் எஸ்பிஏடி விதியைப் பதித்தது. இரட்டைத் துவக்கக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் பக்கம் "எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு" என்று நின்றது. இந்தச் செய்தியைக் கண்டால் பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவுக்குள் போய் "சூடோ மோக்யுடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலீட்" கொடுங்கள். அப்படியே உபுண்டுவுக்குள் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, முழு அப்டேட்டையும் போட்ட பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் இயக்குங்கள். அணைத்த நிலையிலேயே விட்டுவிடாதீர்கள்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

"டிஎஃப் -ஹெச் /பூட்" பாருங்கள். 200 எம்பிக்குக் குறைவாகக் காலியிருந்தால் முதலில் ஆட்டோரிமூவ். மடிக்கணினியைச் சார்ஜரில் செருகுங்கள். /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் டைம்அவுட்-ஸ்டைல் மதிப்பை "மெனு" என்றும், டைம்அவுட்டை 5 என்றும் மாற்றி, அப்டேட்-கிரப் கொடுத்துவிட்டால், பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்க எஸ்கேப் விசையோடு போராட வேண்டியதில்லை. அப்டேட் முடிந்ததும் கடைசி 30 வரிகளையாவது மேலே உருட்டிப் படியுங்கள். "எரர்" என்ற சொல் இருந்தால், கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரீஸ்டார்ட்டுக்கு முன்பே, படி 2இலிருந்து தொடங்குங்கள்.