மின்கம்பத்தில் ஃபைபர் கட்ட அனுமதி வாங்கும் வழி

வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் ஃபைபர் கேபிளை மின்கம்பங்களில் கட்ட அனுமதி கேட்டு நான் கொடுத்த முதல் விண்ணப்பம் ஒரே கேள்வியில் திரும்பி வந்தது. "பேருந்து நிலையம் முதல் சந்தைப்பேட்டை வரை சுமார் 40 மின்கம்பங்கள்" என்று எழுதியிருந்தேன். மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.இ.) படித்துப் பார்த்துவிட்டு, "எந்த நாற்பதுங்கம்மா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயம். எந்தக் கம்பத்தில் யாருடைய கேபிள் போகிறது என்று தெரியாமல் தன் ஆளை அவர் எப்படி அதில் ஏற்றுவார்?

அன்றிலிருந்து முதலில் நடை, பிறகுதான் எழுத்து. காலை ஆறு மணிக்கு, வண்டி நடமாட்டம் கூடுவதற்குள், ஒரு நோட்டோடு கிளம்பிவிடுவேன். ஒவ்வொரு கம்பத்தின் முன்னாலும் நின்று பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பேன். எண் அழிந்திருந்தால் பக்கத்து வீட்டுக் கதவு எண்ணையும், எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து லைன் வருகிறது என்பதையும் எழுதுவேன். சிமெண்ட் கம்பமா, இரும்புக் கம்பமா? சாய்ந்திருக்கிறதா? வெடித்து உள்ளே கம்பி தெரிகிறதா? ஏற்கெனவே எத்தனை கேபிள் தொங்குகிறது? கம்பத்துக்கு ஒரு போட்டோ. 40 கம்பத்துக்கு இரண்டு காலை போதும்.

சில கம்பங்களைப் பட்டியலிலிருந்து அங்கேயே அடித்துவிடுங்கள். டிரான்ஸ்பார்மர் நிற்கும் இரட்டைக் கம்பம் வேண்டாம். மேலே 11 கே.வி. உயரழுத்த லைன் ஓடும் கம்பமும் வேண்டாம். வெடித்த கம்பத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். அதை மாற்றச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள், தெருவுக்கும் நல்லது. அப்படி அடித்த இடங்களில் சுற்றிப் போக வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் கம்பம் நட வேண்டும். என் 40 கம்பங்கள் நடந்து முடித்தபோது 31 ஆகிவிட்டன.

அடுத்தது உயரம். சாதாரண 8 மீட்டர் சிமெண்ட் கம்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போய்விடும். மிச்சம் ஆறரை மீட்டர். தாழ்வழுத்த மின்கம்பி சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 5.8 மீட்டரும், சாலை ஓரமாகப் போகும் இடத்தில் 5.5 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. அதற்குக் கீழே இடைவெளி விட்டுத்தான் நம் கேபிள். வைக்கோல் ஏற்றிய லாரி கீழே போகும், ஆடிக் காற்றில் கேபிள் தொய்யும். எங்கள் ஊரில் கடைசி மின்கம்பிக்கு மூன்றடி கீழே கட்டச் சொன்னார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்த அளவைப் பட்டியலில் கம்பத்துக்குக் கம்பம் எழுதுங்கள். கேபிளில் உலோகம் இருக்கக் கூடாது. ஏ.டி.எஸ்.எஸ். வகை தன் எடையைத் தானே தாங்கும், உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. அந்த வகை என்பதற்கான தயாரிப்பாளர் தாளையும் இணையுங்கள்.

கம்பம் யாருடையது, சாலை யாருடையது என்பது இரண்டு தனிக் கேள்விகள். தெருக் கம்பங்கள் பெரும்பாலும் மின்வாரியத்தினுடையவை. இப்போது காகிதத்தில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று எழுத வேண்டும். அதில் தொங்கும் விளக்கைப் பார்த்துக்கொள்வது நகராட்சி. சாலை நடுவில் நிற்கும் விளக்குக் கம்பங்கள் நகராட்சியினுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையினுடையதாகவோ இருக்கும். சொந்தக் கம்பம் நடுவதென்றால் சாலைக்காரரைக் கேட்க வேண்டும்: ஊருக்குள் நகராட்சி ஆணையர், பெரிய சாலையில் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், எல்லை தாண்டினால் ஊராட்சி. ரயில் பாதையைக் கடக்க ரயில்வேயிடம் தனி அனுமதி. கிராமப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் தமிழக அரசின் டான்ஃபிநெட் திட்டத்தின் கேபிளும் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே ஊராட்சிகளுக்குப் போகிறது. அது இருக்கும் கம்பத்தில் உங்கள் கேபிளின் இடத்தைத் தனியாகக் குறியுங்கள்.

விண்ணப்பம் யார் பெயரில் போக வேண்டும் என்பதில்தான் கேபிள் டிவியிலிருந்து இணையத்துக்கு வந்த என்னைப் போன்றவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். இணையச் சேவை உரிமம் உங்களிடம் இருந்தால் உங்கள் பெயர். ஒரு பெரிய நிறுவனத்தின் பங்குதாரராகத் தொழில் செய்தால், உரிமம் வைத்திருக்கும் அந்த நிறுவனம்தான் விண்ணப்பதாரர். அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் கடிதம், உரிம நகல், உங்களை நியமித்த அதிகாரக் கடிதம் மூன்றும் வேண்டும். இந்த மாதிரி அனுமதி விண்ணப்பங்களுக்காக மத்திய அரசு 2022 மே மாதம் தொடங்கிய கதிசக்தி சஞ்சார் இணையதளத்திலும் அவர்கள் பெயரிலேயே பதிவு. தளத்தில் ஏற்றியதோடு நிற்காமல் ஒரு நகலை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதிக்கு மதிப்பு இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த வழியுரிமை விதிகள் (அடுத்தவர் இடம் வழியாகக் கேபிள் கொண்டுபோக அனுமதி பெறும் விதிகள்) 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி 67 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தகராறு வந்தால் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். ஒரு அலுவலகத்தில் என் கோப்பு இரண்டு மாதம் அசையவில்லை. நான் சண்டை போடவில்லை. முத்திரைத் தேதியையும் விதியையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன், அடுத்த வாரம் கூட்டுத் தணிக்கைக்கு வந்தார்கள்.

ஆனால் 67 நாள் முடிந்துவிட்டது என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காகிதம் மின்சாரத்தை நிறுத்தாது. கட்டும் நாளுக்கு எல்.சி. வாங்க வேண்டும், அதாவது லைன் கிளியர். லைன்மேன் வந்து ஃப்யூஸைப் பிடுங்கி, மின்சாரம் இல்லை என்று சோதித்துச் சொன்ன பிறகே என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் ஏறுவார்கள். தெருவில் யாராவது இன்வெர்ட்டரையோ ஜெனரேட்டரையோ தவறாக இணைத்திருந்தால் நிறுத்திய லைனிலும் மின்சாரம் திரும்பி வரும். அதனால் கையுறையும் இடுப்பு பெல்ட்டும் எப்போதும் உண்டு. "அக்கா, அஞ்சு நிமிஷ வேலைதானுங்க" என்று எங்கள் பையன் ஒருவன் சொன்னான். அன்று முழுக்க அவனைக் கீழேயே நிறுத்தி வைத்தேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக: முந்தைய வழியுரிமை விதிகளுக்கு 2022இல் வந்த திருத்தம், கேபிள் கொண்டுபோகத் தெருக் கம்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்று குறித்தது. பணம் கட்டச் சொல்லும் கேட்பு அறிவிப்பு வந்ததும் கம்ப எண்ணிக்கையை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ரசீது வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள், மின்திருட்டுச் சந்தேகம் வராது. மின்சாரம் தேவைப்படும் கருவியைக் கம்பத்தில் வைக்கவே வேண்டாம். ஒரு கடைக்குள் மீட்டர் இணைப்போடு வையுங்கள்.

கட்டி முடித்ததும் ஒவ்வொரு கம்பத்திலும் பெயரும் அலைபேசி எண்ணும் உள்ள பட்டை கட்டுங்கள். அறுந்து தொங்கும் கேபிளைப் பார்க்கிறவர் யாரைக் கூப்பிடுவது என்று தேடக் கூடாது.

தேர் ஓடும் தெருக்களைத் தனியாகப் பாருங்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர்க் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்துபோனார்கள். எங்கள் ஊர்த் தேர் நான்கு வீதிகளைச் சுற்றும். என் கேபிள் அந்த வீதிகளுக்குக் குறுக்கே போகும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பக்கமும் பத்து மீட்டர் உபரி கேபிளைச் சுருட்டி வைத்திருக்கிறேன். கொக்கியைக் கழற்றினால் கேபிள் அறுபடாமல் தரைக்கு இறங்கிவிடும். அந்தக் கம்ப எண்களும், தேர் நாளில் எந்தக் கம்பத்தில் யார் இறக்குவார் என்பதும் என் விண்ணப்பத்தின் கடைசித் தாளில் இருக்கும். ஏ.இ. இப்போது முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.