பிலிப்பைன்ஸ் நண்பர்கள் கடற்கரைக்குக் கூப்பிட்டால்

துபாயில் நம்மோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் விடுமுறை நாளில் அல் மம்சார் கடற்கரைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவது சகஜம். தயங்காமல் போங்கள். ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். போய்ச் சேர்ந்ததுமே தட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கொஞ்சமாவது வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பான்சித் நூடுல்ஸ் பார்க்கக் காய்கறி மட்டும் போட்டதுபோல இருக்கும்; உள்ளே இறாலோ மீன் சாஸோ கலந்திருக்கும். லும்பியா ரோலுக்குள் பன்றி இறைச்சி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். வினிகர், சோயா சாஸ், பூண்டு போட்டு வேகவைத்த சிக்கன் அடோபோ நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். சில சமயம் வாழையிலையை நீளமாக விரித்து, சோறு, பொரித்த மீன், மாம்பழம் எல்லாம் குவித்து, சுற்றி நின்று கையாலேயே சாப்பிடுவார்கள். அதில் நமக்குப் பயிற்சியே தேவையில்லை!

வெறுங்கையோடு போகாதீர்கள். ஐஸ், தண்ணீர் பாட்டில், தர்பூசணி போதும். வெயிலில் முதலில் தீர்வது இவைதான். கரி அடுப்பை அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் மூட்டுங்கள், மற்ற இடத்தில் அபராதம். அப்புறம், மூடியுள்ள டப்பா ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மிச்சத்தைக் கொடுத்தனுப்பாமல் விடமாட்டார்கள்.