அம்பாசடரின் எஸ்.யூ. கார்புரேட்டர்: கலவையைக் காதால் சரிசெய்யும் முறை

அப்பா 1972இல் வாங்கிய மார்க் 2 அம்பாசடர் இன்றும் எங்கள் திருச்சி வீட்டு வாசலில் நிற்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் ஒற்றை எஸ்.யூ. கார்புரேட்டர். இதன் கலவையைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் நல்ல காதும் போதும். ஆனால், எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஒருமுறை ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) சீராக இல்லாமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்கக் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கலவை நட்டையே திருகிக்கொண்டிருந்தேன். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கட் ஓரத்தில் காற்று உள்ளே கசிந்துகொண்டிருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வால்வு இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், தீப்பொறிக்கான பாயின்ட், டைமிங், ஏர் ஃபில்டர் எல்லாம் ஒழுங்கானபின் கலவைக்கு வாருங்கள்.

அடுத்து, கார்புரேட்டரின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி, பிஸ்டனின் அசைவை மெதுவாக்கும் டாம்பரை வெளியே எடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் முழுவதும் தூக்கி விடுங்கள். 'டக்' என்று உலோகம் மோதும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தமில்லாமல் மெதுவாக இறங்கினால் பிஸ்டன் ஒட்டுகிறது, அல்லது பிஸ்டனின் அடியில் இருக்கும் ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் உரசுகிறது. பிஸ்டனையும் அது இருக்கும் கூண்டின் உட்புறத்தையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அதன்பின்னும் ஓசை வராவிட்டால் ஜெட்டை நடுமையத்தில் நிறுத்த வேண்டும். டாம்பரைப் போடும் முன் அது இருந்த துளையில் 20 கிரேடு ஆயில் ஊற்றுங்கள்.

பத்மினி காரின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் நாம் திருகும் கலவை ஸ்குரூ ஐடிலிங்கை மட்டுமே ஆளும். எஸ்.யூ.வில் ஒரே ஜெட், ஒரே ஊசி. அடியில் இருக்கும் நட்டில் நீங்கள் செய்யும் மாற்றம் ஐடிலிங் முதல் முழு வேகம் வரை எல்லாவற்றையும் பாதிக்கும். அதனால்தான் இங்கே அவசரம் ஆகாது.

அந்த நட்டுக்கு ஆறு பக்கங்கள். ஒரு பக்கத்தில் என் மகளின் நகப்பூச்சைத் தொட்டு வைத்திருக்கிறேன். எத்தனை பக்கம் திருகினேன் என்ற குழப்பமே வராது. நட்டோடு ஜெட்டும் கீழே இறங்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏறினால் குறையும். அளவு தெரியாமல் போய்விட்டால் ஜெட்டை, உள்ளே பிஸ்டன் வந்து உட்காரும் மேடைக்குச் சமமாக ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு பக்கங்கள், அதாவது இரண்டு முழுச்சுற்று இறக்குங்கள்.

இனி வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுவதும் உள்ளே இருக்கட்டும். கார்புரேட்டரின் பக்கவாட்டில் பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே ஸ்பிரிங் வைத்த சிறு பின் ஒன்று இருக்கும். அதன் தளர்வு தீரும்வரை மேலே தள்ளி, அங்கிருந்து பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள், ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டையின் தடிமன். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி, மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பக்கம் திருகி, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை கொடுத்துவிட்டு, மறுபடி சோதியுங்கள். புகைக்குழாயின் ஓசையையும் கேளுங்கள். சீரான தாளமாக வர வேண்டும். இடையிடையே தாளம் தப்பிக் கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட் அளவில் கலவை மெலிந்துவிடும். அப்பா வைத்திருந்த நிலையிலிருந்து இரண்டு பக்கங்கள் நான் இறக்க வேண்டியிருந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் அரிக்கும். கலவையில் கை வைக்கும் அன்றே அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கடைசிச் சோதனை சாலையில். ஆளில்லாத நேரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை நிறுத்தி ஓரம் கட்டுங்கள். பிளக் ஆறியபின் கழற்றிப் பாருங்கள். மூக்கு கொத்தமல்லி விதையின் பழுப்பில் இருந்தால் அப்படியே விடுங்கள். கரி படிந்திருந்தால் ஒரு பக்கம் ஏற்றுங்கள், சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் ஒரு பக்கம் இறக்குங்கள். பிறகு மீண்டும் அதே சாலை, அதே வேகம்.