கியர் இறுகினால் முதலில் கிளட்சைப் பாருங்கள்

பைக்கில் சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழ மறுத்து, எஞ்சினை அணைத்ததும் எளிதாக விழுந்தால், கைப்பிடியிலுள்ள கிளட்ச் லீவரை முழுவதும் பிடித்த பின்னும் கிளட்ச் தட்டுகள் சரியாகப் பிரியவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். எனவே கியர்பெட்டியைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், லீவரின் நுனி எவ்வளவு தளர்வாக அசைகிறது என்று அளந்து பாருங்கள். பல 100 சிசி வண்டிகளில் அது 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கியர் இறுகும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கி, எஞ்சின் இரைந்தாலும் வண்டி வேகமெடுக்காது. சிறு திருத்தத்தை லீவர் அருகிலுள்ள திருகிலும், பெரிய திருத்தத்தை எஞ்சின் பக்கத்து நட்டிலும் செய்யலாம். கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது ஆயில். இவ்வண்டிகளில் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குவதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கொண்ட கார் ஆயில் அவற்றை வழுக்கச் செய்யும். டப்பாவில், இத்தகைய கிளட்சுக்கு ஏற்ற பைக் ஆயிலைக் குறிக்கும் ஜப்பானியத் தர அடையாளமான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கியர் இறுக்கமாகவே இருந்தால், கியர் பெடலின் மூட்டில் சேறு அடைத்திருக்கிறதா, வண்டி கீழே விழுந்ததில் பெடலின் தண்டு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.