வேலூருக்கு ரெண்டு நாள்: பிளான் எங்கே சொதப்புகிறது?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசியாகச் சொன்னது 1981-லேயே பொய்யாகிவிட்டது. பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிக் காட்டிவிட்டது. ஆனாலும் இந்தக் கேலியை நம்புகிறவர்கள் மாதிரிதான் பலரும் ஊருக்கு வருகிறார்கள். சென்னையில் காலை கிளம்பி, பொற்கோயில், ஒரு பிரியாணி, கோட்டை அகழி முன்னால் ஒரு செல்ஃபி, ராத்திரி வீடு. "வேலூர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பதும் அவர்கள்தான்.

ரெண்டு நாள், ஒரு ராத்திரி தங்கல் என்றால் வேலூர் நல்ல ஊர். ஆனால் இது சுற்றுலாவை நம்பி ஓடும் ஊர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், காலேஜுக்கு வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் என்று மூன்று கூட்டங்கள்தான் இதன் நேரத்தை முடிவு செய்கின்றன. நான்காவதாக வெயில். எந்த இடத்தைப் பார்க்கலாம் என்று லிஸ்ட் போடுகிறவர்கள், எதை எந்த நேரத்தில் என்று யோசிப்பதில்லை. சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான்.

ரூம் போடும்போது

"டவுனுக்கு நடுவில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்" என்று தேடி ரூம் போடுவது எல்லா ஊருக்கும் பொருந்தும் யோசனைதான். வேலூரில் டவுனுக்கு நடு என்றால் சிஎம்சி. 1900-ல் ஐடா ஸ்கடர் ஆரம்பித்த சின்ன மருத்துவமனை இன்றைக்கு மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, வங்கதேசம் வரைக்கும் நோயாளிகளை இழுக்கிறது. அதைச் சுற்றி ஐடா ஸ்கடர் ரோடு, பாபுராவ் தெரு, காந்தி ரோடு என்று வரிசையாக இருக்கும் லாட்ஜுகள் அவர்களுக்காக ஏற்பட்டவை. மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், ரூமிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கிறவர்கள், விடியற்காலை நாலரைக்கே டோக்கனுக்குக் கிளம்புகிறவர்கள். லாட்ஜ்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, அவர்கள் செய்வது பெரிய சேவை. ஆனால் வாரக் கடைசியை நிம்மதியாகக் கழிக்க வந்த குடும்பத்துக்கு அது ஏற்ற இடம் இல்லை. கவலையோடு இருக்கிறவர்கள் நடுவில் குழந்தைகள் வராண்டாவில் ஓடி விளையாடுவது அவர்களுக்கும் நல்லதில்லை.

இன்னொன்று, இங்கே ரூம் தட்டுப்பாடு தலைகீழாக நடக்கும். மலை ஊர்களில் சனிக்கிழமை கிடைக்காது. சிஎம்சி வட்டாரத்தில் திங்கள் ஓபிக்காக ஞாயிறு சாயந்திரமே கூட்டம் ஏற ஆரம்பித்துவிடும், வார நாளில்தான் நெருக்கடி. "வீக் டேஸ்ல போனா சீப்பா கிடைக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. வெள்ளி ராத்திரியோ சனி ராத்திரியோ தங்குகிற மாதிரி வைத்துக்கொள்வது மேல்.

காட்பாடி பக்கம் போனால் விஐடி. அட்மிஷன், பட்டமளிப்பு, அவர்களுடைய கலைவிழா நாட்களில் அந்த ரோட்டில் ஒரு ரூம் மிஞ்சாது. தேதியைப் பார்க்காமல் புக் பண்ணினால் ரெண்டு மடங்கு விலை சொல்வார்கள். அதோடு பௌர்ணமியையும் காலண்டரில் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி வேலூரில்தான் பஸ் மாறும், அன்றைக்கு பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.

என் சிபாரிசு: சொந்த வண்டியில் வந்தால் சத்துவாச்சாரி பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி, பார்க்கிங் உள்ள ஓட்டல். ரயிலில் வந்தால் காட்பாடி ரோட்டில். போன் போட்டுக் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா? பாத்ரூமில் வருவது உப்புத் தண்ணியா? மே மாதத்தில் ரெண்டாவது கேள்வியை விட்டுவிட்டீர்கள் என்றால் ராத்திரி மூன்று மணிக்கு மொட்டை மாடியில் நிற்பீர்கள்.

எந்த ஸ்டேஷன்?

டிக்கெட் போடும்போது "வேலூர்" என்று தேடினால் வேலூர் கன்டோன்மென்ட் வரும். அது காட்பாடி–விழுப்புரம் பாதையில் இருக்கிறது, சென்னை–பெங்களூர் ரயில்கள் அந்தப் பக்கமே போகாது. வந்தே பாரத், சதாப்தி, பிருந்தாவன் எல்லாம் நிற்பது காட்பாடி ஜங்ஷனில். அங்கிருந்து டவுனுக்கு ஆட்டோவில் வெளியூர் முகத்தைப் பார்த்து விலை சொல்வது வழக்கம். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் பாகாயம் போகும் ஒன்றாம் நம்பர், ரெண்டாம் நம்பர் டவுன் பஸ் அடிக்கடி வரும். விஐடி, சிஎம்சி எல்லாம் வழியிலேயே. சாதாரண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது.

கோட்டையை மத்தியானம் பார்ப்பது

இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். பத்து மணிக்கு ஊருக்குள் வந்து, டிபன் முடித்து, பதினொன்றரைக்குக் கோட்டைக்குள் நுழைவார்கள். கருங்கல் காய்ந்து கிடக்கும், நிழல் இல்லாத பெரிய மைதானம். அரை மணியில் முகம் சிவந்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலுக்கு வந்தால் நடை சாத்துகிற நேரம். "வெயிலூர்" என்று இந்த ஊரை உள்ளூர்க்காரர்களே கிண்டல் செய்வது சும்மா இல்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

காலை ஆறரைக்கு வாருங்கள். அகழியை ஒட்டி வாக்கிங் போகிறவர்களோடு நீங்களும் ஒரு சுற்று நடக்கலாம், கோட்டைக்குள் போகக் கட்டணம் இல்லை. பிறகு நேராகக் கோயிலுக்கு. கோபுரம் தாண்டியதும் இடது பக்கம் கல்யாண மண்டபம். பெரும்பாலோர் சாமி கும்பிடுகிற அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பொறுப்பதே இல்லை. முன்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள், மேலே ஈட்டியோடு வீரர்கள், அடியில் மாட்டிக்கொண்ட மிருகம், எல்லாம் தூணோடு ஒரே கல்லில். காலை வெயில் சாய்வாக விழும்போது குதிரையின் கழுத்து மணியும் கடிவாளமும் தனித்தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே தூண் வெறும் சாம்பல் கல்லாக நிற்கும். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தையும் குழந்தைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

கோட்டை கட்டியது பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில். பிற்பாடு படைகள் மாறி மாறி வந்ததில் கோயிலில் வழிபாடு நின்று, மூலவர் வெகுகாலம் சத்துவாச்சாரியில் இருந்தார். 1981-ல்தான் திரும்பவும் கோட்டைக்குள் பிரதிஷ்டை ஆனார். கதை தெரியாமல் போனால் கோட்டையில் பாதி காணாது. முக்கியமாக 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தரவுகளுக்கு எதிராகச் சிப்பாய்கள் விடியும் முன்னே எழுந்தார்கள், மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். 1857-க்கு 51 வருடம் முன்னால் நடந்தது இது. கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் குடும்பத்தை அதற்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அதே கல்கத்தாவிலிருந்து ரயில் ரயிலாக ஜனம் கோட்டைக்கு எதிரே வந்து இறங்குகிறது, வரலாறு சில நேரம் இப்படித்தான் விளையாடும்.

கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனும் இங்கே கைதியாக இருந்து 1832-ல் இறந்தவர். அவர் சமாதியான முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. பத்து நிமிஷம் போதும், ஆனால் போக வேண்டிய இடம். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி காலையில் கோட்டை என்று திட்டம் போட்டால் அதை மறந்துவிடலாம்.

ஸ்ரீபுரத்தில் போனும் ஜிபேயும்

திருமலைக்கோடியில் இருக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு 2007-ல் குடமுழுக்கு நடந்தது. சுமார் 1,500 கிலோ தங்கம் என்கிறார்கள். அங்கே நடக்கும் சங்கடங்கள் பக்தியைச் சேர்ந்தவை அல்ல, ரொம்பச் சாதாரணமானவை. ஷார்ட்ஸ், லுங்கி போட்டு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். போனும் கேமராவும் வெளியே வைத்துவிட வேண்டும். போன் போனதும் ரெண்டு கஷ்டம். பர்ஸில் ரொக்கம் வைக்காதவர்கள் உள்ளே ஒரு பிரசாதம் வாங்க முடியாமல் நிற்பார்கள். நட்சத்திர வடிவ நடைபாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், அதில் பாட்டி பின்தங்கினால் கூப்பிட வழி இல்லை. "பிரிஞ்சுட்டா செருப்பு விடுற இடத்துல நில்லுங்க" என்று வாசலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் இங்கும் வேண்டாம். தங்கத்தில் வெயில் அடித்தால் கண் கூசுமே தவிர வேலைப்பாடு தெரியாது. ஐந்து, ஐந்தரைக்குள் உள்ளே நுழைந்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கு போட்டபின் ஒரு தடவை என்று ரெண்டையும் பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். ஞாயிறும் புது வருஷமும் கூட்டம் தாங்காது.

பிரியாணியும் பேடாவும் எதிரெதிர்த் திசை

சாப்பாட்டில் நடக்கும் தவறு பூகோளத் தவறு. ஆம்பூர் பெங்களூர் பக்கம், வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். ஆற்காடு சென்னைப் பக்கம், இருபத்தைந்து. ரெண்டையும் வேலூரில் தங்கிக்கொண்டு தனித்தனியாகப் போய்வர நினைத்தால் நாள் முழுக்க நெடுஞ்சாலையில்தான் கழியும். சென்னைக்காரர்கள் ஆற்காட்டை வரும் வழியிலோ போகும் வழியிலோ வைத்துக்கொள்ளலாம். பெங்களூர், ஓசூர்க்காரர்களுக்கு ஆம்பூர் வழியிலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தை அடுத்த தடவைக்கு விட்டுவிடுங்கள்.

ஆம்பூர் பிரியாணி மத்தியானச் சாப்பாடு. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், மேலே மசாலாக் காரம் குத்தாத வாசனை. பக்கத்தில் புளிவிட்ட கத்திரிக்காயும் வெங்காயப் பச்சடியும் வைப்பார்கள். அந்தக் கத்திரிக்காயை ஒதுக்கிவிட்டு "சால்னா இல்லையா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காரத்தையும் நெய்யையும் சமன் செய்வதே அந்தப் புளிப்புதான். பன்னிரண்டிலிருந்து ரெண்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். புது தேக்ஷா (பிரியாணி அண்டா) திறக்கிற நேரம் அது. ராத்திரி ஒன்பதுக்குப் போய்விட்டு "பேருதான் பெருசு" என்று சொன்னால் தப்பு பிரியாணி மேல் இல்லை. நெடுஞ்சாலை நெடுக ஆம்பூர் என்று போர்டு வைத்த கடைகள் எல்லாம் ஆம்பூரும் இல்லை.

ஆற்காடு மக்கன் பேடாவை குலாப் ஜாமூன் என்று நினைத்துப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளே முந்திரி, பாதாம் என்று பருப்பு வைத்து, கோவாவில் உருட்டிப் பொரித்துப் பாகில் ஊறவைப்பது. மக்கன் என்றால் வெண்ணெய், விரலால் அழுத்தினாலே பிட்டுக்கொள்ளும். கடையிலேயே வெதுவெதுப்பாக ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள், மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பது வேறு பண்டம். பக்கத்திலேயே பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இருக்கிறது. 1751-ல் கிளைவ் முற்றுகையைத் தாங்கிய ஆற்காட்டுக் கோட்டையில் மிஞ்சி நிற்பது அந்த வாசல்.

வேலூருக்குள் சாப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சிஎம்சி எதிர்த் தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு வைத்த சின்ன மெஸ்கள் இருக்கின்றன. கடுகெண்ணெய் மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். "நமக்கு ஒத்துக்காது" என்று தாண்டிப் போகாதீர்கள், கல்கத்தா போகாமல் அந்தச் சுவை தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்காது. மார்க்கெட்டில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் கண்ணில் பட்டால் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள் இருக்கும், பை கிழியும், அதனால் துணிப்பை.

"அப்படியே ஏலகிரியும் பார்த்துடலாம்"

முடியாது. மேப்பில் பக்கத்தில் தெரியும். வாணியம்பாடி தாண்டி, பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி, திரும்பி வர ஒரு முழு நாள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, ஆற்காடு ராணிப்பேட்டைக்கு. பழைய "வேலூர் மாவட்டச் சுற்றுலாத் தலங்கள்" பட்டியல்கள் இன்னும் எல்லாவற்றையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கின்றன. காவலூர் தொலைநோக்கியும் அப்படித்தான், பொதுமக்களை விடுவது சனிக்கிழமை சாயந்திரம், அதுவும் வானம் தெளிவாக இருந்தால்.

ரெண்டாம் நாள் காலைக்கு ஒன்றே ஒன்று போதும். கோயில் பிடிக்கும் என்றால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர், பதினைந்து கிலோமீட்டர். அந்த ஊர் மதிலழகைச் சொல்லிப் பழமொழியே இருக்கிறது. கூட்டமே வேண்டாம், வரலாறு போதும் என்கிறவர்கள் வள்ளிமலைச் சமணக் குகைகளையும், பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் மேல்பாடியில் எடுத்த பள்ளிப்படையையும் (இறந்த ராஜாவுக்கான நினைவுக் கோயில்) ஒரே பாதையில் பார்க்கலாம். மலையேற வேண்டும் என்பதால் வள்ளிமலை முதலில், ஏழு மணிக்கு முன்.

ஞாயிறு திரும்புகிறீர்கள் என்றால் மூன்று மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வாலாஜா டோல்கேட்டில் தொடங்கும் வரிசையும், பூந்தமல்லி வரைக்கும் வருடக்கணக்கில் இழுக்கும் ஆறுவழிச் சாலை வேலையும் சேர்ந்து, ரெண்டரை மணி நேரப் பயணத்தை நாலு மணியாக்கும். காட்பாடியிலிருந்து ரயிலில் போகிறவர்கள் வரும்போதே திரும்பும் டிக்கெட்டையும் போட்டுவிட வேண்டும், ஞாயிறு சாயந்திரம் அன்ரிசர்வ்டில் ஒற்றைக்காலில்தான் நிற்க முடியும்.