பழைய மாருதி 800-இல் பிரேக் சரியில்லையா? கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறையும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் கிடப்பது அது. குறைகிறது என்றால், ஒன்று சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்து, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்த இடத்தை நிரப்பப் போயிருக்கும், இல்லையென்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்களில் நிறைய பேர் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியதும் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கும் அணைந்துவிடும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். அதனால் இன்றைக்கு எதையும் ஊற்றவோ வாங்கவோ வேண்டாம், முதலில் கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி, இன்னும் தெருவுக்கு ஒன்றாவது நிற்கிறது. முன்னால் டிஸ்க் (பேட் பிடிக்கும் தட்டு), பின்னால் டிரம் (உள்ளே ஷூ விரிந்து பிடிக்கும் உருளை), ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) கிடையாது, அதனால் கண்ணால் பார்த்தே நிறைய புரிந்துகொள்ளலாம். ஜென், ஆல்டோ, பழைய சான்ட்ரோவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதல் வேலை: பெடலை மிதித்துப் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெடலை நாலைந்து முறை மிதித்தால் கல் மாதிரி கெட்டியாகும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால், காலின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கெட்டியாகவே நின்றால், எஞ்சினின் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வரும் ரப்பர் குழாயைப் பாருங்கள். வெடித்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். "பெடல் ரொம்ப ஹார்டா இருக்கு" என்று வரும் புகாரில் பூஸ்டரையே மாற்றச் சொல்வதற்கு முன்னால் இந்தக் குழாயையும் அதன் வால்வையும் பார்த்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

அடுத்து, எஞ்சின் ஓடட்டும், பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறதா? ஆயில் வெளியே ஒழுகுகிறது அல்லது பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. வெளியே எங்கும் ஈரமில்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை, ஆனால் பெடல் இறங்குகிறது என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். இந்த நிலையில் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

மூன்றாவது, ஒருமுறை மிதித்தால் ஆழமாகப் போகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டாவது மிதிப்பில் மேலே வந்து கெட்டியாகவும் நின்றால், பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். தானாக அட்ஜஸ்ட் ஆக வேண்டிய அமைப்பு துருப்பிடித்து நின்றிருக்கும், ஹேண்ட் பிரேக்கும் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கும். மேலே வந்தாலும் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் லைனுக்குள் காற்று இருக்கிறது. முதலாவதுக்கு ஏர் எடுத்து, அதாவது லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றிப் பயனில்லை, இரண்டாவதுக்கு ஷூ மாற்றிப் பயனில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள்.

பானெட்டைத் திறந்து

டப்பாவில் ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். புது ஆயில் வெளிர்மஞ்சளாக இருக்கும். கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் அதை யாரும் வருஷக்கணக்கில் மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர்க் கடற்கரைப் பக்கம் கேட்கவே வேண்டாம். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால்தான் தெரியும், ஆயில் கொதித்து ஆவியாகி பெடல் திடீரென்று காலுக்கடியில் காணாமல் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டாட் 3-ம் டாட் 4-ம் ஒரே குடும்பம். டாட் 5 சிலிகான் வகை, அதைக் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றுவது மகா தப்பு, உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரைக்கும் பிரித்து மாற்ற வேண்டி வரும். அப்புறம், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி

இது பெடல் ஓரளவு சரியாக இருக்கும் வண்டிக்கு மட்டும். 20, 30 கிலோமீட்டர் வேகம் போதும்.

பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறதா? இடது முன் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். பிரேக் மிதிக்காமலே ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கமே பிரேக் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

பெடல் காலுக்கடியில் துடித்தால் டிஸ்க் அல்லது டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. எது என்று தெரிய, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மிக மெதுவாக ஓடும்போது ஹேண்ட் பிரேக்கை, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, லேசாக இழுங்கள். அது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். அப்போதும் துடித்தால் பின் டிரம், இல்லையென்றால் முன் டிஸ்க்.

கீச்சென்ற சத்தம், மழைக்கு அடுத்த நாள் காலை முதல் இரண்டு மிதிப்பில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள், அது டிஸ்க்கின் மேல்துரு. எப்போதும் வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். இரும்பும் இரும்பும் உரசும் கரகர சத்தம் வந்துவிட்டால் பேட் முழுக்கப் போய் டிஸ்க்கையும் தின்ன ஆரம்பித்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றி

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் சக்கரத்தைக் கழற்றி உள்ளே கை விடாதீர்கள். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி அதன் மேல் உட்கார வைப்பது ஜாக்கியை நம்புவதைவிட மோசம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லூஸ் செய்துவிடுங்கள்.

முன் சக்கரத்தில், காலிப்பருக்குள் டார்ச் அடித்து இரண்டு பேடையும் பாருங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதி மட்டும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். வெளிப்பேட் நன்றாக இருந்து உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர்வதற்கு உதவும் 'பின்' (உலோகக் கம்பி) துருப்பிடித்து இறுகியிருக்கிறது. புதுப்பேட் போட்டாலும் அதுவும் அப்படியேதான் தேயும். பின்னைக் கழற்றித் துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸைத் தடவுங்கள். காலிப்பரைக் கழற்றினால் ரப்பர் ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள்.

ஒட்டிக்கொண்டு நிற்கும் சக்கரத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. சக்கரம் சுற்றாத நிலையில் பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) கொஞ்சம் திறங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது, பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதி அடைத்திருக்கும். ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

பின் சக்கரத்தில், டிரம்மைக் கழற்றுவதற்கு முன் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமா என்று பாருங்கள். 800 முன்சக்கரத்தால் ஓடும் வண்டி, பின்னால் கியர் ஆயில் கிடையாது. அதனால் ஷாக் அப்சார்பர் காய்ந்திருந்து, டிரம்மின் அடியில் மட்டும் ஈரம் இருந்தால் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். டிரம்மைத் திறந்த பிறகு வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் உறுதி. ஆயில் நனைத்த ஷூவைக் காய வைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று, டிரம் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

ஏர் எடுப்பது

காற்று இருக்கிறது என்று உறுதியானால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் இரவே நிப்பிள் அடியில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள்; பேட், ஷூ மேல் படக் கூடாது. ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்கள், ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நிப்பிள் மழுங்கும், பழைய வண்டியில் முறிந்தே போகும். மீன்தொட்டி டியூப் ஒரு முழம் வாங்கி நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முக்கிவிடுங்கள்.

உள்ளே இருப்பவர் மெதுவாக மூன்று முறை மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்தால் குமிழி வரும், பெடல் இறங்கும். பெடல் கீழே இருக்கும்போதே மூடிவிட்டு, அப்புறம்தான் "விடு" என்று சொல்ல வேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து முழுவதும் தரைக்குப் போகாமல் தடுத்துவிடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் இத்தனை வருடமாக ரப்பர் போகாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும், அங்கே போய் உரசினால் நல்ல ரப்பரும் கிழியும். டப்பாவில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீர்ந்தால் முதலிலிருந்துதான். எந்தச் சக்கரம் முதலில் என்பது மேனுவலில் இருக்கும் வரிசைப்படி.

இரும்பு பிரேக் லைன் துருப்பிடித்து அரித்திருந்தாலோ, மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தாலோ கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் "ஒரு நிமிடம் பிடித்தால் பெடல் இறங்குது, எங்கேயும் ஒழுகலை" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம், முதல் மிதிப்பில் பிரேக்கே இருக்காது. வாசலிலேயே நடக்கும் வேகத்தில் நாலைந்து தடவை பிடித்துப் பார்த்து, பிறகு ஒரு தெரு சுற்றி வந்து வீல் நட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டப்பாவின் அளவையும் பார்த்துவிடுங்கள்.